துடைத்து அனுப்பிய போன்

அவள் என்னை அறைந்தது சாப்பாட்டு அறையில், மைக்ரோவேவுக்கு முன்னால், லைனில் வேலை செய்யும் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. என் கண்ணாடி பறந்துபோய்க் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. எனக்கு வராத கோபமா! ஆனால் அன்றைக்குக் கை எழும்பவில்லை. எனக்கு விழவேண்டிய அடிதான் அது.

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், மில்லிக்கன் என்ற இடத்தில் போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் எங்களுக்கு வேலை. நான் பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து காரில் போய் வருகிறேன். அவள் உக்ரைன்காரி, என் பக்கத்தில் நின்று பெட்டி மடிப்பவள். அவளுடைய ஊரில் உருக்காலைகளுக்காக நிலக்கரி சுடும் ஒரு பெரிய ஆலை இருக்கிறது. அதைச் சுற்றி மாடிக் குடியிருப்புகள், வேறொன்றும் இல்லை. அந்த ஆலையில் அவள் கிரேன் ஓட்டியவள். குண்டு விழத் தொடங்கியதும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். தாயும் தம்பியும் அகப்பட்டுக்கொண்டார்கள். ரஷ்ய ஆமி ஊரைப் பிடித்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் இரண்டு பேரின் உடைந்த ஆங்கிலத்தில் கதை நடக்கும். ஆலையின் நிலவறையில் ஆட்களைக் கட்டிவைத்து அடிக்கிறார்களாம். மேல்மாடியில் இருந்த பள்ளிக்கூட வாத்தியாரைக் காலில் பிடித்து இழுத்துப் போனார்களாம், ஒவ்வொரு படியிலும் தலை அடிபட. எனக்கு இதெல்லாம் புதிதா? "நாசமாய்ப் போவாங்கள்! எல்லா ஆமியும் ஒண்டுதான்" என்று தமிழிலேயே திட்டுவேன். அவளுக்கு விளங்கும்.

ஒருநாள், தாயைக் கூட்டிக்கொண்டு தம்பி காரில் வெளியேறப் போகிறான் என்றாள். ஊர் எல்லையில் சோதனைச் சாவடி. போனைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பார்களாம். "நீ இதையெல்லாம் கண்டவள். அவன் என்ன செய்யவேண்டும், சொல்லு" என்று கேட்டாள்.

நான் கண்டவள்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரன் எங்கள் அல்பத்தைப் புரட்டினான். என் தம்பி வொலிபோல் அணியோடு நின்று எடுத்த படம் ஒன்று இருந்தது. அதில் நின்ற ஒருவன் பிறகு ஆயுதம் தூக்கி இயக்கத்துக்குப் போனவன். அவ்வளவுதான். எஸ்லோன் பிளாஸ்டிக் பைப்புக்குள் மண் நிரப்பி, முற்றத்தில் வைத்தே தம்பியின் முதுகை உரித்தார்கள். அவன் சத்தம் போடுவதை நிறுத்திய பிறகும் அடித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு கடுதாசித் துண்டைக்கூட நான் விட்டுவைத்ததில்லை. எல்லாம் அடுப்புக்குள்.

"எல்லாத்தையும் அழிக்கச் சொல்லு. படம், மெசேஜ், நம்பர், ஒன்றும் இருக்கக்கூடாது" என்றேன். பெரிய மண்டைக்காரி மாதிரி மேசையில் தட்டித் தட்டிச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல, என் மனுசன், "உமக்குத் தெரியாத ஊர், தெரியாத ஆமி. உமக்கேன் உந்த வேலை?" என்றார்.

"சும்மா இருங்கோ! நீங்கள் சண்டைக்கு முதலே பிளேன் ஏறின ஆள். உங்களுக்கு என்ன தெரியும்?" என்று பாய்ந்தேன். அவர் எழும்பிப் போய் டிவியைப் போட்டார்.

அவளுடைய தம்பி நான் சொன்னபடியே செய்தான். சாவடியில் சிப்பாய் போனைத் திறந்து பார்த்திருக்கிறான். பெற்ற தாயின் படம்கூட இல்லை. "இவ்வளவு சுத்தமாய்த் துடைத்திருக்கிறாயே, எதை ஒளிக்கிறாய்?" என்று கேட்டபடி துவக்குப் பிடியால் வாயில் இடித்திருக்கிறான். பல்லெல்லாம் காருக்குள் கொட்டுண்டது. தாய் பார்க்க, உடுப்பைக் கழற்றி மண்டியிட வைத்து, மயங்கும்வரை உதைத்து, வந்த வழியே ஆலை நிலவறைக்கு ஏற்றிப் போனார்கள். நாலு படம், இரண்டு பகிடி மெசேஜ், ஒரு பிறந்தநாள் கேக் இருந்திருந்தால் விட்டிருப்பார்களாம். தாய் போனில் அழுதழுது இதைச் சொன்ன கையோடுதான் அவள் என்னிடம் வந்தாள்.

அறைந்த பிறகு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். சுப்பவைசர் ஓடி வந்தார். நான் தடுக்கி விழுந்தேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். என்னை நானே கொல்லவேண்டும் போல இருந்தது.

அவள் என் கையைப் பிடித்தாள். "அம்மா இப்போது என்ன செய்யவேண்டும்? சொல்லு" என்றாள்.

என்னிடமா கேட்கிறாய், பைத்தியக்காரி! ஆனால் அந்த அறையில் அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்? எங்கள் ஊர்த் தாய்மார் செய்தது ஒன்றுதான் எனக்குத் தெரியும். "போய் ஆலை வாசலில் நிற்கச் சொல்லு. கலைத்தாலும் போகவேண்டாம். யாராவது நின்றுகொண்டிருந்தால் கொல்ல யோசிப்பார்கள்" என்றேன்.

"எத்தனை நாள்?"

"விடும்வரைக்கும்."

அவன் இன்னும் வரவில்லை. அந்தத் தாய் இன்றைக்கும் அங்கே நிற்கிறாள், நான் சொன்னபடியால்.