தண்ணீர்க் கேள்விக்கு எங்கள் வீடு சொன்ன பதில்

எங்கள் அப்பா ஆம்பூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பெங்களூர் வந்து ஆடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். அம்மாவை மணந்து ஈஜிபுராவில் ஒற்றை அறை வீட்டில் குடித்தனம் தொடங்கினார். பிள்ளைகள் நானும் தங்கையும்.

அப்பாவுக்குக் குடி கிடையாது, பீடி கிடையாது. இருந்த ஒரே பழக்கம் சந்தேகம். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்மள எதுக்குக் கூப்பிடறாங்க?" என்பார். அப்படிப் பத்திரிகை கொடுத்த பலர் அப்பாவின் நினைவுநாளுக்காக நான் எழுதும் இதைப் படிப்பீர்கள், கோபிக்க வேண்டாம். காவிரிக் கலவரத்தின்போது எந்தெந்த வீடு தமிழர் வீடு என்று விசாரித்துக்கொண்டு சிலர் எங்கள் சந்துக்குள் வந்தார்கள். அதற்குப் பிறகு கையில் தாளோடு வரும் எவரையும் அவர் நம்பவில்லை.

"யார் கேட்டாலும் ஒரு குறையும் இல்லன்னு சொல்லிடு. எழுதிக்கினு போறவங்க எதுக்கு எழுதறாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

சில ஆண்டுகள் கழித்து சுகாதாரக் கணக்கெடுப்புக்கு ஒரு மேடம் வந்தார். எத்தனை அறை, கக்கூஸ் உண்டா, யார் எதுவரை படித்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் கேட்டார். காய்ச்சலைப் பற்றிக் கேட்க வந்தவருக்கு எங்கள் கக்கூஸ் எதற்கு என்று சந்து முழுக்க முணுமுணுப்பு. எப்படி வாழ்கிறவர்களுக்கு எந்த நோய் வருகிறது என்று பார்த்து, தேவையான இடத்துக்குத் தண்ணீர் லாரியும் நர்சும் அனுப்பத்தான் அந்தக் கேள்விகள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சாக்கடை ஓரமாகப் போன குழாயை உடைத்து, அதில் ட்யூப் செருகித்தான் எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். தெரிந்தால் அடைத்துவிடுவார்கள் என்று பயம். சந்தில் முதல் வீடு எங்களுடையது. "வீட்டுக் குழாய், நல்ல தண்ணி" என்று எங்கள் வீட்டில் பதில் போனது. முதல் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று மேடத்திடமே கேட்டுக்கொண்டு மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தாளில் எங்கள் சந்து குறையில்லாத சந்தாகிவிட்டது. லாரி பக்கத்துச் சந்துக்குப் போனது.

அந்த மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. பலர் படுத்து எழுந்தார்கள். ஒன்பது வயதுத் தங்கை எழவில்லை.

"உங்க வீட்லதானே மொதல்ல பொய் சொன்னீங்க?" என்று அடுத்த வீட்டு அண்ணன் அப்பாவை முகத்துக்கு நேரே கேட்டார்.

"ஆமாம்பா, நான்தான் சொன்னேன்" என்றார் அப்பா.

காரியம் முடிந்ததும் அப்பாவே சுகாதார நிலையத்துக்குப் போய் அந்த மேடத்தை மறுபடி அழைத்து வந்தார். யாரும் கதவு திறக்கவில்லை. "இவரு எப்போ அவங்க ஆளானாரு?" என்று இப்போது அவரையே சந்தேகித்தார்கள். அப்பா சந்தின் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி எங்கள் வீட்டுப் பதில்களைச் சொன்னார். "தண்ணி சாக்கடைக் குழாய்லேருந்து. கக்கூஸ் இல்ல. ஒரே ரூம்."

மேடம் தயங்கி, "மனேலி எஷ்டு ஜன சார்? வீட்ல எத்தனை பேரு?" என்றார்.

"நாலு" என்றார். பிறகு, "மூணு. மூணுன்னு எழுதுங்கம்மா" என்றார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

லாரி வந்தது. பின்னர் சாக்கடையை விட்டுத் தள்ளிப் புதுக் குழாயும் வந்தது. அப்பா அந்தத் தண்ணீரையும் நம்பாமல் கடைசி வரை காய்ச்சித்தான் குடித்தார். நெஞ்சுவலி வந்து பத்து நாள் படுத்திருந்தவர், போன ஆண்டு எங்களை விட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் முறை போட்டு உடனிருந்த பட்டறை நண்பர்களுக்கும், முதல் ஆளாகத் தோள் கொடுத்த அடுத்த வீட்டு அண்ணனுக்கும் நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள். ஓய்வு பெற்றுவிட்ட அந்த மேடமும் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார். இவர் எதற்கு வந்தார் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்பாவின் பெண் அல்லவா நான்! அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பேரைச் சொல்லவேண்டாம்னு உங்க அப்பா என்னை மறுபடி கூப்பிட வந்த அன்னைக்கே கேட்டுக்கிட்டாரு" என்றார்.

முதல்முறை மேடம் வந்தபோது அப்பா பட்டறையிலும் அம்மா கார்மென்ட்ஸ் வேலையிலும் இருந்தார்கள். கதவைத் திறந்து அந்தப் பதிலைச் சொன்னவள் பதினைந்து வயது நான். மாலையில் பெருமையாக அப்பாவிடம் சொன்னேன். "சரியா சொன்னே" என்று தலையைத் தடவினார். அம்மாவுக்குக்கூட இது இன்றுவரை தெரியாது.

அம்மா, அது நான்தான்.