என் அழுகைக்கு யாரோ போட்ட பேரு

எனக்குக் கோபம் வந்தா முதல் வேலையா கத்திரிக்கோலைக் கீழே வச்சிருவேன். அடுத்தவங்க துணியில காட்டிரக் கூடாதில்ல. அன்னிக்கு அது கையிலயே இருந்துச்சு. கீழே வைக்கணும்னு தோணவே இல்லை.

என் தையல் கடை திருமயத்துக்குப் பக்கத்துல, பஸ் ஸ்டாப்பை ஒட்டினாப்புல இருக்கு. வாடிக்கையா வர்ற காலேஜ் பொண்ணு ஒண்ணு ஜாக்கெட் வாங்க வந்துச்சு. நான் இன்னும் கொக்கி வைக்கலை. "சாயங்காலம் வா தாயி"ன்னேன். அது சிரிச்சுக்கிட்டே, "டெய்லருங்களுக்குன்னே ஒரு பாட்டு வந்திருக்குக்கா, இங்கிட்டு பாருங்க"ன்னு போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு.

எவளோ ஒருத்தி பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு, தலையில கைய வச்சு அழுகுற மாதிரி நடிக்கிறா. பின்னாடி டொம்மு டொம்முன்னு ஒரு தாளம். தாளத்துக்கு மேல ஒரு பொம்பளைக் குரல்: "கொக்கிகூட வைக்கலையே, போட்டுத்தான் பாக்கலையே." கீழே, 'தீபாவளிக்கு முதல் நாள் டெய்லர் கடையில் நான்'னு எழுத்து. அந்தப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்குது. நானும் பல்லைக் காட்டிட்டேன். போன்ல கேட்டா நம்ம குரல் நமக்கே தெரியாதுங்கிறது எவ்வளவு நெசம்! அந்த வரி ரெண்டாந்தரம் வந்தப்பதான் பிடிபட்டுச்சு. அது என் வார்த்தை. நான் அழுத அழுகை.

போன வருசம் எங்க அக்கா செத்துப்போச்சு. புது வீட்டுல பால் காய்ச்ச நாள் குறிச்சு, அன்னிக்குக் கட்ட மாம்பழக் கலர்ல ஒரு சேலை எடுத்து, ஜாக்கெட் துணியை என்கிட்ட குடுத்துட்டுப் போனா. நல்லாத்தான் இருந்தா. நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தவ எந்திரிக்கலை. தச்ச ஜாக்கெட்டைக் கொக்கி வைக்காம அப்படியே கையில சுருட்டிக்கிட்டு ஓடுனேன். அவளைக் கிடத்தியிருந்த இடத்துல விழுந்து, வாயில வந்ததையெல்லாம் சொல்லி அழுதேன். "கொக்கிகூட வைக்கலையே, கூடப் பொறந்தவளே, போட்டுத்தான் பாக்கலையே." யோசிச்சுப் பாடுனதில்லை. எங்க ஊர்ல பொம்பளைங்க சொல்லிச் சொல்லித்தான் அழுவோம். ஊமையா அழுதா, செத்தவளுக்கு யாருமே இல்லைன்னு ஆயிரும்.

அந்த எழவு வீட்டுல போனைத் தூக்கிப் பிடிச்ச கை எந்தக் கையின்னு இன்னைய வரைக்கும் எனக்குத் தெரியாது. நாசமாப் போன கை! அதுகூடப் போகட்டும். நடுவுல இருந்த 'கூடப் பொறந்தவளே'யை வெட்டிட்டாங்களே, அதைத்தான் தாங்க முடியலை. என் அக்காவை எடுத்துட்டுக் கொக்கியை மட்டும் வச்சுக்கிட்டாங்க.

"இது நான்தான்"னேன். எங்க வச்சு அழுததுன்னும் சொன்னேன். அந்தப் பொண்ணு முகம் வெளுத்துப்போச்சு. போனை அமுக்கி அணைச்சிருச்சு. பாவம், என்னைவிட அதுக்குத்தான் மொதல்ல கண்ணு கலங்குச்சு. "மன்னிச்சிருங்கக்கா"ன்னுச்சு. அப்புறம் அதுக்கே ஒரு வேகம் வந்து, "பாடுனவங்க பேரைச் சொல்லாமப் போடுறது தப்புக்கா, நான் கேக்குறேன்"னு அந்தக் குரலுக்குத் தாளம் சேத்து முதல்ல போட்டவனைத் தேடிப் பிடிச்சு எழுதுச்சு. அவன் எந்த ஊருக்காரனோ. மரியாதையாத்தான் பதில் போட்டான். 'யாரோ பாடுன நாட்டுப்புறப் பாட்டுன்னு நெனச்சேங்க. பேர் சொல்லுங்க, போட்டுடறேன்.' அந்தப் பொண்ணு என் பேரு, ஊரு, கடை எல்லாத்தையும் அனுப்பிருச்சு. நல்லது செய்றதா நெனச்சுத்தான் செஞ்சுச்சு. எனக்கு அப்ப நல்லது கெட்டது எதுவுமே ஓடலை.

மறுநாள் கடையைத் திறக்குறேன், ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது. என் பேரைக் கொட்டை எழுத்துல போட்டு, டெய்லர்னும் எந்த ஊருன்னும் சேத்துப் போட்டிருக்கான். "வைரல் ஆயிட்டீங்களே!"ங்கிறாங்க. பஸ் கண்டக்டர் படிக்கட்டுல தொங்கிக்கிட்டு கும்பிடு போடுறாரு. கல்யாணத் துணி குடுக்க வந்த ஒருத்தி, "எங்க வீட்டுக்காரருக்கு அனுப்ப ஒண்ணு பாடிக் குடுங்களேன், சும்மா தமாசுக்கு"ன்னா. துணியைத் தூக்கி அவ கையிலயே திருப்பிக் குடுத்தேன். "ஒங்க வீட்டுல ஒரு எழவு விழட்டும், வந்து பாடுறேன்"னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டேன்.

மத்தியானம் அக்கா மக போன் பண்ணுனா. மெட்ராஸ்ல வேலை பாக்குறா. அவங்கம்மா போனதுலருந்து மனசுல உள்ளதை அவ சொல்றது என்கிட்ட மட்டும்தான். எப்பவும் "சாப்பிட்டியா சின்னம்மா"ன்னு ஆரம்பிக்கிறவ, எடுத்த எடுப்புல கேட்டா:

"எங்கம்மாவுக்கு அழுததுக்கு ஒனக்குப் பேரு வேணுமா?"

இந்தப் புள்ளையும் என்னை விட்டுப் போச்சுன்னுதான் நெனச்சேன். "நான் போடலடி. சத்தியமா நான் கேக்கலடி"ன்னு தட்டுத் தடுமாறி நடந்ததெல்லாம் சொன்னேன். "என் பேரை எடுக்கச் சொல்லு. யாரு செத்ததுக்கு அழுததுன்னு போடட்டும். இல்லாட்டி மொத்தமா அழிக்கட்டும்"னேன். அப்பதான் அவ, "சரி சின்னம்மா, நான் கேக்குறேன்"னா. சின்னம்மாங்கிற அந்த ஒரு வார்த்தையில எனக்கு உசுரு வந்துச்சு.

போனை வைக்காமலேயே அந்தப் பாட்டைப் போட்டவனுக்கு எழுதுனா. பதில் வந்ததும் எனக்குப் படிச்சுக் காட்டுனா. 'எழவு வீட்டுல அழுததுன்னு போட்டா யாரும் காமெடிக்கு எடுக்க மாட்டாங்களேங்க. அதான் கிரெடிட் குடுத்துட்டேனே.'

அடப்பாவி, தெரிஞ்சேதான் சொல்றான். அப்புறம் அவளே அவன் போட்ட வீடியோவுக்குக் கீழே எழுதுனா. எழுத எழுத எனக்குச் சொல்லிக்கிட்டே வந்தா: 'இது பாட்டு இல்லை. எங்கம்மா செத்த அன்னிக்கு எங்க சின்னம்மா அழுதது.' சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவ குரல் ஒடஞ்சுபோச்சு.

கொஞ்ச நேரத்துலயே அதுக்குக் கீழே ஒருத்தன் பதில் போட்டான். சிரிப்புப் பொம்மை ரெண்டு போட்டு, 'செம டயலாக் சிஸ்டர், இதையும் ஒங்க குரல்ல பேசிப் போடுங்க'ன்னு.