இரண்டு சீட்டுக் காருக்கு ஒரு பிரேக் பேட்

போன செவ்வாய்க்கிழமை கெலிஓயா பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் என் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கருவாடுங்களா?"

இல்லை, காரிலிருந்து கழற்றிய பழைய பிரேக் பேட் என்றேன். மனிதர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். கருவாடாக இருந்திருந்தால் தள்ளியிருக்க மாட்டார் போல...

பொட்டலம் சுற்றிய தாள் எது என்று கேட்காதீர்கள். முந்தின வாரம் இந்தப் பத்தி வந்த பக்கம்தான். எதற்காவது பயன்பட்டதே!

விஷயம் இதுதான். என் மனைவி மேகலா பன்வில பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு போன பிறகு, தெரிந்த டாக்டர் ஒருவரிடமிருந்து ஜப்பானிலிருந்து இறக்கிய குட்டி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினாள். சிவப்பு. கூரை திறக்கும். "இனி நமக்கு ரெண்டு சீட்டு போதுங்க" என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் அதில் ஏறி உட்காரும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள்... எனக்கே பொறாமையாக இருக்கும்.

போன மாதம் பிரேக் கிரீச்சிட்டது. கராஜ் பாஸ் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பேட் தேய்ந்து தகடுதான் மிச்சம். "இத வச்சுக்கிட்டு மலை எறங்காதீங்க" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

கண்டி டவுனில் நான் ஏறாத ஸ்பெயார் பார்ட்ஸ் கடை இல்லை. காரின் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். கடைசியில் இணையத்தில் ஜப்பானுக்கே ஓர்டர் போட்டேன். என்ன வருடத்துக் கார் என்று கேட்டது. காரின் பதிவுப் புக்கைத் திறந்து, கண்ணில் பட்ட வருடத்தை அடித்தேன். மூன்று வாரத்தில் பார்சல் வந்தது.

பொருந்தவில்லை!

நான் கொடுத்தது கார் இலங்கையில் பதிவான வருடம். அது ஜப்பானில் பிறந்ததோ மூன்று வருடம் முன்னால். இடையில் கம்பனிக்காரர்கள் பிரேக்கை மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஓடிவிட்டு இங்கே வரும் ரீகண்டிஷன் வாகனங்களுக்கு இரண்டு பிறந்தநாள் என்பது தெரியாமலா நான் இத்தனை வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன்?

அந்த மூன்று வாரமும் மேகலா பஸ்ஸில் போனாள். ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, ஓடாத காரைத் துடைத்துக்கொண்டே, "வித்துரலாமாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை.

அதனால்தான் கெலிஓயா. அங்கே கடை வைத்திருக்கும் ஃபரீத் நானாவிடம் காரின் பெருமையை ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"காரப் பத்திக் கதைக்க வேணாம் சேர். பழைய பேட்டக் காட்டுங்க."

அளந்தார். உள்ளே போனார். ஒரு புதுப் பேடைக் கொண்டுவந்து பழையதோடு முதுகுக்கு முதுகு வைத்தார். ஒரு நூல் கூட நீட்டவில்லை. அப்புறம் கேட்டலாக்கைப் புரட்டி விரலை வைத்தார்.

"இந்தா ஈக்கி. ரெண்டுக்கும் ஒரே நம்பர்."

"இது எந்தக் காருடையது?"

"கார் இல்ல சேர், சின்ன வேன். ஸ்கூல் வேன்காரங்கதான் கூட வாங்குவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஸ்போர்ட்ஸ் காருக்கு வேன் பேடா? இறக்குமதி செய்த பொருள் என்றால் அதன் ஆணி கூடக் கப்பலில்தான் வரவேண்டும் என்று நினைக்கிற ஜாதி நாம். பக்கத்து ஊர்க் கடையில் கிடைத்துவிட்டால் ஏனோ ஒரு ஏமாற்றம்!

கராஜ் பாஸ் மாட்டினார். கச்சிதம். மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் மேகலாவிடம் எப்படிச் சொல்வது? பெருமைக்குரிய கார் ஆயிற்றே... தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் கார்ச் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அந்த பேட்டோடதானே வேன்காரரு தெனமும் பன்னெண்டு புள்ளைங்கள மலையில இருந்து எறக்குறாரு? அதவிட என்னங்க வேணும் நமக்கு?"

காரை விற்கிற பேச்சு அன்றோடு சரி.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கூரையைத் திறந்துகொண்டு பன்வில இறக்கத்தில் வந்தோம். மேகலா பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினாள். முன்னால் ஒரு ஸ்கூல் வேன், நிறையப் பிள்ளைகளோடு ஊர்ந்தது. நேர் பாதை வந்தது, எதிரில் வாகனம் இல்லை. ஆனாலும் எங்கள் ஸ்போர்ட்ஸ் கார் முந்தவில்லை.

சீனியருக்கு மரியாதை!