செல்லையா அண்ணன் விட்டுப்போன பெலிபிஸ்

செல்லையா அண்ணனின் மருமகன் சைக்கிளில் வந்து, காலையில் அவர் தவறிவிட்டதைச் சொன்னார். கூடவே, "அந்த வாத்த உங்ககிட்டத்தான் குடுக்கணுமாம். நேத்தே சொல்லிட்டாரு" என்றார். 

நம் ஊர் காஜா பெராங்கில் மாடு வைத்திருந்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். கால்நடை மருத்துவமனையில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர். மாட்டுக்கு ஊசி போடுவதற்கு முன் மாட்டுக்காரருக்கு நல்ல திட்டு விழும். என்னை மட்டும் அவர் திட்டியதே இல்லை.

சுதந்திரத்துக்கு முன், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலத்தில், நான் துப்பாக்கியோடு ஊர்க்காவலில் இருந்தேன். ஒரு சாயங்காலம் சதுப்புப் பக்கம் கோரைப்புல் சலசலத்தது. பயத்தில் சுட்டுவிட்டேன். பெலிபிஸ் கூட்டம், காட்டு வாத்துகள்தான், சீழ்க்கையடித்துக்கொண்டு எழும்பியது. வாத்துக்குப் பயந்தவன் என்று சிரிப்பார்களே என்று, ஓடி வந்தவர்களிடம் "ஆள் ஒருத்தன் ஓடினான்" என்றேன். மறுநாள், அங்கே கூடு வைத்து மீன் பிடிக்கும் முத்துவை, ஓடிய ஆள் அவர்தான் என்று, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

அடுத்த வாரம் செல்லையா அண்ணன் என்னைக் கூப்பிட்டு, கோரைக்குள் கிடைத்த ஒரு பெலிபிஸின் சிறகடியில் என் விரலை வைத்து அழுத்தினார். மிளகு போல உருண்டது.

"துப்பாக்கி ரவை. சதையில நாலு, மூட்டுல ஒண்ணு. மூட்டுல உள்ளத எடுத்தா றெக்கையே போயிடும்."

"ஆறிடுமாண்ணே?"

"சதை மூடிக்கும் தம்பி. மூடிக்கிட்டா ஆறிடுச்சுன்னு இல்ல. போய் உள்ளதைச் சொல்லு."

நான் போகவில்லை. அவரே வாத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். சுட்டவன் வந்து சொல்லட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முத்து ஒரு வருடம் உள்ளே இருந்தார்.

அண்ணன் வீட்டில் அந்த வாத்து தின்றது, தொட்டியில் நீந்தியது. மேலே கூட்டம் போனால் ஓடி ஓடிச் சிறகடிக்கும். ஒரு சிறகு மட்டும் எழும். சுதந்திரம் வந்த மெர்டேக்கா அன்று ஊரே கூச்சலிட்டபோதும் அண்ணன் அரிசிக் கிண்ணத்தை என் கையில்தான் கொடுத்தார். "நீயே வை" என்பார். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்வார். எனக்கு அந்த வீட்டுக்குப் போகவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை.

இறுதிச் சடங்குக்கு முத்து புக்கிட் ரம்பாயிலிருந்து வந்திருந்தார். வாத்தின் கூண்டுக்குள் பார்த்து, "பாவம், எவன் சுட்டானோ" என்றார். பக்கத்தில்தான் நின்றேன். குனிந்து கிண்ணத்தில் அரிசி வைத்தேன்.

செல்லையா அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாத்தும், அவர் சொல்லச் சொன்ன வார்த்தையும்தான். அதை இப்போது உங்கள் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். முத்து, சுட்டவன் நான். அன்றைக்கு அங்கே ஆளே இல்லை.