‘இல்லை’ என்று போட்ட டிக்

என் கணவர் ஆஸ்திரேலியாவில் டீசல் மெக்கானிக். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இரண்டு முறை லீவில் வந்துபோனார். என்னையும் அங்கே அழைத்துக்கொள்ள அவர் போட்ட விண்ணப்பம் ஒருவழியாக நகர்ந்து, மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி மெயில் வந்தது. அதை எல்லா டாக்டரும் செய்துவிட முடியாது. அந்த நாட்டு அரசாங்கத்தின் பட்டியலில் இருப்பவர்களிடம்தான் போகவேண்டும். எங்களுக்குக் கிட்டத்தில் என்றால் சென்னை. தனியாகப் போய் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “மெட்ராஸ்ல உனுக்கு யாரத் தெரியும்? நானும் வரேன்” என்று மாமியார் பையில் துணியை எடுத்து வைத்துவிட்டார். கள்ளக்குறிச்சியிலிருந்து முதல் பஸ் பிடித்தோம்.

கிளினிக்கில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இங்கிலீஷில் இரண்டு பக்கம். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தார்.

“இன்னா கேட்டுக்கிறான், படிச்சிச் சொல்லு.”

“சக்கரை இருக்கான்னு கேக்கறாங்க அத்தை.”

“இல்லன்னு போடு.”

வலிப்பு, இதய நோய், ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று டிக் போட்டுக்கொண்டே வந்தேன். ஆறாவதோ ஏழாவதோ அந்தக் கேள்வி வந்தது. எப்போதாவது காசநோய் வந்திருக்கிறதா? அதற்கு மருந்து சாப்பிட்டிருக்கிறீர்களா?

கேள்வியை மாற்றிச் சொல்லியிருக்கலாம். மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் டிக்குகள் எல்லாம் ஒரே பக்கமாக, நேர்கோடு போட்டதுபோல் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால் அவர் கண்ணில் படும். “இது இன்னா, இது மட்டும் தள்ளி இருக்குது?” என்று கேட்பார். பேனாவை ஒரு நிமிஷம் அந்தரத்தில் வைத்திருந்தேன். பிறகு அந்த டிக்கையும் மற்றவற்றோடு ‘இல்லை’யில் போட்டேன்.

பதின்மூன்று வயதில் எனக்குக் காசநோய் வந்தது. அப்போது மணலூர்பேட்டையில் இருந்தோம். இருமல் நிற்காமல், கரும்பு வெட்டும் அப்பா கூலியை விட்டுவிட்டு என்னைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆறு மாதம் மாத்திரை. மாத்திரைப் பெட்டி எங்கள் தெரு அங்கன்வாடியில் இருக்கும். வாரம் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகும் முன் அங்கே போய், டீச்சர் எதிரில் விழுங்கிவிட்டுப் போகவேண்டும். அன்றைக்கெல்லாம் மூத்திரம் சிவப்பாகப் போகும். பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு வரச் சொல்வார் அம்மா. குணமாகிவிட்டது. அதன் பிறகு அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொல்லவில்லை.

எக்ஸ்ரே எடுத்த பிறகு உட்காரச் சொன்னார்கள். என்னோடு எக்ஸ்ரே எடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் டாக்டர் படத்தைத் திரையில் வைத்து வலது பக்கம் மேலே காட்டினார். ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு. அது என்ன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்தவள் நான்.

“முன்னாடி டிபிக்கு மருந்து சாப்பிட்டிருக்கீங்களா?”

“சாப்பிட்டிருக்கேன் டாக்டர்.”

அவர் என் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். “இதுல இல்லைன்னு போட்டிருக்கீங்க.”

“மாமியார் பக்கத்துல இருந்தாங்க.”

அவர் படிவத்தை மேஜையில் வைத்தார். கோபம் இல்லை. “நோய் வந்தது பெரிய விஷயமே இல்லம்மா. குணமானவங்களுக்கு விசா குடுக்கறாங்க. ஆனா மறைச்சிட்டீங்கன்னு அவங்க முடிவு பண்ணா அதுக்காகவே மறுக்கலாம். நீங்க இப்ப சொன்னத நான் எழுதிடறேன். நீங்களும் எழுதிக் குடுங்க. பழைய ரெக்கார்டு எதுனா இருந்தா தேடுங்க.” அடுத்த மூன்று நாள் காலையில் சளி கொடுக்கவேண்டும், அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க எட்டு வாரம் ஆகும், அதுவரை ஃபைல் நகராது என்றார்.

மாமியாரிடம் சக்கரைக்கு இன்னொரு டெஸ்ட் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகக்கவசம் போட்ட ஒரு பெண் குப்பியைக் கொடுத்து, “எச்சில் வேணாம், நெஞ்சுலேர்ந்து காறி எடுங்க” என்றாள். நான் மலையில் எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை அது! காறினேன். வரவில்லை. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “இது பத்தாது, மறுபடி” என்றாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டு அடி தள்ளிப் போனது காதுக்குத் தெரிந்தது.

மலையில் ஒரு பெண்ணுக்கு நான் இதைச் செய்திருக்கிறேன். வெகுதூரம் நடந்து வந்திருந்தாள். மூன்று முறை எச்சிலையே கொண்டுவந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், வரிசையில் இருந்த அவள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, “டிபி டெஸ்டுக்கு எச்சில் குடுத்தா எப்படிம்மா?” என்று கத்தினேன். அவள் குப்பியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரவில்லை. பிறகு ஆள் அனுப்பியபோது, குடும்பத்தோடு வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சென்னையில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்வரை அவளைப் பற்றி நான் பெரிதாக யோசித்தது கிடையாது.

மூன்றாம் நாள் லாட்ஜில் நான் தலைவாரிக்கொண்டிருக்கும்போது மாமியார் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

“சக்கரைக்கு யாரும் மூணு நாளு துப்பச் சொல்ல மாட்டான். இன்னா உனுக்கு?”

சொல்லிவிட்டேன். எழுந்து பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார். “உங்க அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும் அத்தை.”

“எங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஊர் நெருங்க, தியாகதுருகம் தாண்டிய பிறகு, எனக்கா தனக்கா என்று தெரியாமல், “என் புள்ள தலையில கட்டிட்டாங்க” என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் என் தட்டும் டம்ளரும் தனியாகப் போயின. ஐந்து வருஷம் இந்த நோயைப் பரிசோதித்தவள் நான், தழும்பிலிருந்து யாருக்கும் ஒட்டாது என்று எடுத்துச் சொன்னேன். “எனுக்குத் தெரியும், நீ ஒன்னும் பாடம் எடுக்காத” என்றார். அதே சமயம் வாசலில் யாராவது கேட்டால் அவர் குரல் மாறிவிடும். “மெடிக்கல்லாம் முடிஞ்சிடிச்சி. டிக்கெட்டு போட வேண்டியதுதான்.” வீட்டுக்குள் நான் நோயாளி. வாசலில் ஆரோக்கியமானவள். வாசலில் நின்றால் பொய் சொல்லவேண்டும் என்பதால் துணி காயப்போடக்கூட மாடிக்கு நான் பின்பக்கமாகவே போனேன். வேலையை விசாவை நம்பி ஏற்கெனவே விட்டிருந்தேன். என் இடத்துக்கு வேறு ஒரு பெண் வந்துவிட்டாள். அம்மா வீட்டுக்குப் போய் இருக்கலாம் என்றால், “இப்பப் போனா ஊரு இன்னா பேசும்?” என்று மாமியார் விடவில்லை.

கணவர் போனில், “எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?” என்றார். “சொன்னா கட்டியிருப்பீங்களா?” என்று கேட்டேன். உடனே பதில் வரவில்லை. பின்னால் யாரோ இங்கிலீஷில் அவரைக் கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அந்த மௌனத்தையே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

நான்காவது வாரம் மெயில் வந்தது. படிவத்தில் தவறான தகவல் ஏன் கொடுத்தீர்கள்? சிகிச்சை முழுதாக முடித்ததற்கு என்ன ஆதாரம்? இருபத்தெட்டு நாளில் பதில் தேவை. மாமியாரிடம் காட்டினேன். “போய்த் தேடு” என்றார்.

முதலில் அம்மாவிடம் போனேன்.

“அந்த அட்டைய அப்பவே அடுப்புல போட்டுட்டேன். பொண்ணு பாக்க வரவங்க கண்ணுல பட்டா இன்னா ஆவறது?”

“இப்ப அந்த அட்டதாம்மா வேணும்.”

“ஒருத்தன் மறைன்றான். ஒருத்தன் எடுத்துக் காட்டுன்றான். நான் இன்னாதான் பண்ணுவேன்?” அம்மா அழுதார். நான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் அவ்வளவு பழைய பதிவேடுகளை வைத்திருப்பதில்லை என்றார்கள். நான் வேலை பார்த்த நிலையத்திலும் அதுதான் வழக்கம் என்பது எனக்கே தெரியும். மிச்சம் இருந்தது அங்கன்வாடி டீச்சர். ஓய்வுபெற்று, மணலூர்பேட்டையில் எங்கள் பழைய தெருவிலேயே இருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தயங்கினேன். அவர் தயங்கவே இல்லை.

“மறப்பனா? மாத்திரைய நாக்குக்கு அடியில ஒளிச்சி வெச்சிக்கினு போயி வேலியில துப்புவியே. ரெண்டு தபா புடிச்சேன். அப்பறம் வாயத் தொறந்து காட்டச் சொல்லிதான் அனுப்புவேன்.”

தெருவே கேட்கும் குரல். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் அதை வெளியில், வெயிலில் நின்று சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஓடிவிடலாம் போலவும் இருந்தது, இன்னொரு முறை சொல்ல மாட்டாரா என்றும் இருந்தது. விசாவுக்கு அதை எழுத்தில் கேட்கிறார்கள் என்றேன்.

“எழுதித் தரேன். ஆனா எங்கிட்ட ஆதாரம் ஒன்னும் இல்லயே?”

“பார்த்தத எழுதுங்க டீச்சர்.”

ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். ஆறு மாதமும் ஒரு வேளை விடாமல் என் எதிரில் விழுங்கினாள் என்று. துப்பியதை எழுதவில்லை. வக்கீலிடம் முத்திரை வாங்கி, இங்கிலீஷில் மொழிபெயர்த்து, என் விளக்கத்தோடு அனுப்பினேன். விளக்கத்தில் காரணத்தை மூன்று முறை எழுதி அடித்தேன். ‘மாமியார் பக்கத்தில் இருந்தார்’ என்பதை எந்த அதிகாரிக்கு எப்படிப் புரியவைப்பது? கடைசியில், பயந்துவிட்டேன், அன்றைக்கே டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் எழுதினேன்.

சளி கொடுத்து எட்டு வாரம் ஆனதும் சென்னையிலிருந்து போன் வந்தது. எதுவும் வளரவில்லை. நெகட்டிவ். நான் எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். விசா வர மேலும் இரண்டு மாதம் ஆனது. அதோடு ஓர் உறுதிமொழிப் படிவம். போய் இறங்கியதும் அங்கே சொல்லும் மருத்துவமனைக்குப் பேசவேண்டும், கூப்பிடும்போதெல்லாம் பரிசோதனைக்குப் போகவேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். கணவரிடம் சொன்னபோது, “நானும் கூட வரேன்” என்றார். அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை. அந்த மௌனத்தைப் பற்றி நாங்கள் இருவருமே இன்றுவரை பேசவில்லை.

போன வாரம் பெட்டி கட்டினோம். பொடிப் பொட்டலங்களை மாமியாரே கொண்டுவந்து அடுக்கினார். ஜிப்பை இழுத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அந்த ஊர்ல யாராச்சும் கேட்டா இன்னா சொல்லுவ?”

“வந்துச்சு, மாத்திர சாப்பிட்டேன், போயிடுச்சுன்னு சொல்லுவேன் அத்தை.”

பெட்டி மேல் முட்டியை வைத்து அழுத்தினார்.

“அங்க சொல்லிக்க” என்றார். “இங்க சொல்லாத.”