ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறதாம்

போன வாரம் லிஃப்டில் வைத்துப் பக்கத்து வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மக ரூமுக்குள்ள தனியாப் பேசுறா. அவளே கேக்குறா, அவளே பதில் சொல்றா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவா?"

மகளுக்கு அடுத்த மாதம் ஏதோ வேலைக்கு இன்டர்வியூ. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. முதுகுத்தண்டில் பழைய பனி ஒன்று மெல்ல இறங்கியது.

மலேசியாவின் கேமரன் மலைப் பனி.

எண்பதுகளின் தொடக்கம். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டிலிருந்து கோலாலம்பூருக்குக் காலேஜ் படிக்கப் போனவள் நான். என்ன படிப்பு என்கிறீர்களா? இத்தாலிய மொழி, இலக்கியம், பண்பாடு! கேட்ட பாடம் கிடைக்கவில்லை. கிடைத்த பாடம் இது. அப்பா டீ பெக்டரியில் இலை வாட்டுகிறவர். மக என்ன படிக்கிறா என்று கேட்பவர்களிடம் "இத்தாலி" என்பார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும் என்ன தெரிந்தது?

எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன், லீவு முடிந்து போனதும் வாய்மொழித் தேர்வு. கட்டைக் குரல்காரரான எங்கள் புரொபசர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். தவறினால் அடுத்த வருடம் கிடையாது. "சத்தமாகப் பேசிப் பழகு, கையையும் பேசவிடு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இத்தாலிக்காரர்கள் பாதிப் பேச்சைக் கையாலேயே பேசுவார்களாம். ஐந்து விரல் நுனிகளையும் குவித்து, முகத்துக்கு நேரே ஆட்டவேண்டும். பண்பாட்டு வகுப்பில் அதற்கே ஒரு பாடம் உண்டு.

லைன் வீட்டில் எங்கே சத்தமாகப் பேசுவது? பலகைச் சுவர். இரவு ஷிப்ட் முடித்த அப்பா பகலில் தூங்குவார். ஆகவே தலைக்குக் குளித்த ஈரத்தோடு, முடியை உலர விரித்துவிட்டு, தேயிலை மேட்டில் காட்டோரமாகப் போய் நின்றேன். ஒரே பனி. புரொபசரின் கட்டைக் குரலில் நானே கேட்டேன். என் குரலில் நானே பதில் சொன்னேன். விரல்களைக் குவித்துக் குவித்து ஆட்டினேன்.

பனியில் யாரும் தெரியவில்லை என்றால் யாரும் இல்லை என்றா அர்த்தம்?

கீழ்ச் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார் அடுத்த வீட்டுப் பாக்கியம் அக்கா. கூடையை அப்படியே போட்டுவிட்டு லைனுக்கு ஓடியிருக்கிறார்.

"ரெண்டு கொரலு லா... அதுல ஒன்னு ஆம்பளக் கொரலு."

அன்று சாயங்காலமே லைன் மாறிவிட்டது. என்னைக் கண்டதும் பிள்ளைகளை உள்ளே இழுத்தார்கள். அம்மா சோற்றுத் தட்டைக் கையில் தரவில்லை — தரையில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். பரீட்சைக்குப் படித்தேன் என்று அழுதேன். எந்தப் பரீட்சைக்குத் தலையை விரித்துப் போட்டுக் காட்டோரம் நிற்கச் சொல்கிறார்கள் என்று கேட்டார் அப்பா. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பயந்து கேட்டார்.

"அந்தப் பாஷதான் ஒன்னப் புடிச்சிருக்கு. இனிமே காலேஜ் வேணாம்."

அவ்வளவுதான். பேயைவிடப் பெரிய பயம் அந்த ஒரு வரியில் இருந்தது.

ஒன்று சொல்லட்டுமா? அதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தமிழில் நான் தலை நிமிராதவள். அந்த மொழியிலோ... என் குரல் உயர்ந்தது, கை பறந்தது, கேட்ட கேள்விக்கு வாய் திருப்பிக் கேள்வி கேட்டது. யார் அவள்? நான் தமிழ் பேசும்போது எங்கே பதுங்கியிருக்கிறாள்? ராத்திரி கம்பளிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு படுத்தேன், அவள் எழுந்து பேசிவிடக் கூடாதே என்று.

வெள்ளிக்கிழமை பொழுது சாய முனியாண்டி கோயில். பூசாரி மற்ற நாட்களில் தேயிலைக்கு மருந்து அடிப்பவர், வெள்ளிக்கிழமை சாமி. வேப்ப மரம் எங்கள் குளிருக்கு வராது, கொழுந்து லோரிக்காரர் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வேப்பங்குழை கொண்டுவந்திருந்தார். சாம்பிராணிப் புகையும் பனியும் கலந்து, நிற்பவர்களின் முகம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் — பூசாரி கையிலிருந்த ரோத்தான். அந்தப் பிரம்பு இறங்கினால்தான் பேய் இறங்கும் என்பது எங்கள் தோட்டத்துக் கணக்கு. சின்ன வயதில் ஒரு பெண்ணின் முதுகில் அதன் தடத்தைப் பார்த்திருக்கிறேன்.

பேயிடம் கேட்பதற்கென்று ஒரு வரிசை உண்டு.

"பேரு என்ன?"

தமிழில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக! ஆனால் பயத்தில் தமிழ் ஓடிவிட்டது. லீவு முழுக்க உருப்போட்டது மட்டும் தொண்டையில் தயாராக நின்றது.

"மி கியாமோ..." என்று தொடங்கி என் பெயரைச் சொன்னேன்.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. எந்த ஊரு என்றார் பூசாரி. சொன்னேன். எதுக்கு வந்த என்றார். படிக்க என்றேன். எல்லாம் அதே மொழியில், பிசகே இல்லாமல். வாசகர்களே, புரொபசர் கேட்பார் என்று நான் பழகிய கேள்விகளும் இவைதான், வரிசைகூட இதேதான்! கையை அடக்கத்தான் பார்த்தேன். விரல்கள் தாமாகக் குவிந்து பூசாரியின் முகத்துக்கு நேரே ஆடின.

ரோத்தான் உயர்ந்தது.

"எப்பப் போவ?"

"தொமேனிக்கா."

"என்ன சொல்லுது?" பூசாரி கூட்டத்தைப் பார்த்தார். யாருக்குத் தெரியும்? ரோத்தான் இன்னும் மேலே போனது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம போயிருதாம், சாமி."

அம்மா.

"காலையில பஸ்ஸுக்கே போயிருதாம். அடிக்க வேணாங்குது."

ரோத்தான் இறங்கியது — தரைக்கு. வாக்குக் கொடுத்துவிட்டதால் அடிக்கக் கூடாது என்றார் பூசாரி. எலுமிச்சம்பழத்தை நறுக்கி நாலு பக்கமும் வீசினார். பிறகு அப்பாவிடம் திரும்பி, சொன்ன நாள் தவறக் கூடாது, தவறினால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றார்.

காலேஜே வேண்டாம் என்ற அப்பா, ஞாயிறு காலை என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு தானா ராத்தா டவுன் பஸ் நிலையத்துக்கு முன்னால் நடந்தார். டிக்கெட் எடுக்க அவர் போன சமயம், நான் சொன்னது எப்படிப் புரிந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். உண்மையிலேயே நான் சொன்னது ஞாயிறுதான்.

"எனக்கு என்னடி தெரியும்? நீ ஞாயித்துக்கெழம போறவதான? ரோத்தான் எறங்குறதுக்குள்ள எதையாச்சும் சொல்லணும்ல."

சொல்லிவிட்டு, ஒரு கட்டுச்சோற்றுப் பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். இந்த முறை நகர்த்தவில்லை.

பஸ் வளைவு வளைவாக இறங்கியது. இறங்கிப் போவது நானா, அவளா? இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

தேர்வு அன்று புரொபசர் எதிரில் உட்கார்ந்து பெயர் என்ன என்று கேட்டார். முதலில் அவர் கையைப் பார்த்தேன். பேனாதான் இருந்தது. மளமளவென்று பதில் வந்தது.

லிஃப்டில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. டாக்டர் வேண்டாம் என்றேன். இன்டர்வியூவுக்கு எந்த நாள் போகவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அன்றைக்கு நீங்களே கொண்டுபோய் விடுங்கள் என்றேன்.

அவள் ரூம் கதவைத் தட்டும்போது மட்டும்... கையில் ஒன்றும் இருக்க வேண்டாம்.