பத்தரை மணி நேரப் பயணம்

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். வண்டி புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் காட்டினால் பயண நேரத்தை உடனே சொல்லிவிடுவேன். மனைவியின் விமான டிக்கெட்டில் ஹைதராபாத் காலை பத்து, சிகாகோ இரவு எட்டரை, அதே தேதி என்று போட்டிருந்தது. பத்தரை மணி நேரம். மெட்ராஸ் வண்டியே பன்னிரண்டு மணி நேரம் உருட்டுகிறது, இது என்ன பிரமாதம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவளுக்கு வலிப்பு உண்டு. காலை எட்டு, இரவு எட்டு, மாத்திரை தவறக்கூடாது. நாலு வருஷத்துக்கு முன் சமையலறையில் விழுந்ததிலிருந்து தெருமுனைக் கடைக்குக்கூட அவளைத் தனியாக நான் விட்டதில்லை. சிகாகோவில் மகளுக்குப் பிரசவம். எனக்கு விசா கிடைக்கவில்லை. பத்தரை மணி நேரம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் சம்மதித்தேன். அன்று காலை மாத்திரையைக் கிளம்பும்போதே கொஞ்சம் முன்னதாகக் கொடுத்துவிட்டு, மீதியைப் பெரிய பெட்டியில் நானே வைத்துப் பூட்டினேன். இறங்கியதும் மகள் எடுத்துக் கொடுப்பாள்.

அவளை ஏற்றிவிட்டு சைனிக்புரி வீட்டுக்குத் திரும்பும்போது மதியமாகிவிட்டது. பக்கத்து வீட்டு வேலூர்க்காரர், பட்டாளத்தில் இருந்தவர், எப்போது போய்ச் சேருவார்கள் என்று கேட்டார். இன்றைக்கு ராத்திரி எட்டரைக்கு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அது அங்கத்திய எட்டரை சார். நமக்கு நாளைக்குக் காலையில ஏழு மணி."

போனில் போட்டும் காட்டினார். பதிமூவாயிரம் கிலோமீட்டர். தோஹாவில் விமானம் மாறுவதையும் சேர்த்து இருபத்தொரு மணி நேரம்.

இரவு எட்டு மணிக்கு அவள் நடுவானில் இருப்பாள். மாத்திரை பெட்டிக்குள், பெட்டி சரக்கோடு சரக்காக. அவள் போனுக்கு அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. பத்தரை மணி நேரத்துக்கு எதற்கு வெளிநாட்டு ரீசார்ஜ் என்று தடுத்ததும் இந்த அதிமேதாவிதான். விமானக் கம்பெனிக்குப் போட்டால் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மகள் எடுக்கவில்லை, அங்கே எல்லோரும் தூங்கும் நேரம் என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்து சீட்டுக்காரருக்கு வலிப்பு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது.

மூன்று மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. தோஹாவில் யாரோ ஒரு தமிழ்ப் பெண்ணின் போனை வாங்கிப் பேசியது அவள்தான். மாத்திரை, பெட்டி, இருபத்தொரு மணி நேரம் என்று உளறிக் கொட்டினேன். மாத்திரை கைப்பையில் இருக்கிறது என்றாள். நான் பூட்டைத் தேடப் போன நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டாளாம். எத்தனை மணி நேரம், எப்போது போடவேண்டும் என்றெல்லாம் மகள் முன்பே சொல்லியிருந்தாளாம். தெரிந்துகொண்டே எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கத்தினேன்.

"கத்தாதீங்க. இருபத்தொரு மணி நேரம்னு தெரிஞ்சிருந்தா என்னை அனுப்பியிருப்பீங்களா?"

அந்தப் பெண்ணுக்கு நேரமாகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் போய்ச் சேர இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது.